பிள்ளைகள் கையில் பேனாவைக் கொடுங்கள்!

(சோளக்காட்டில் நடைபெற்ற கல்வி விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



  

காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறோம். ராசிபுரத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் வந்திருக்கும் நம் வியாபாரிகளுக்கு இந்தப் பாதை புதிதல்ல. மிளகுக்கும் காப்பிக்கும் பலாவுக்கும் வாழைக்கும் இந்தச் சோளக்காட்டுச் சந்தைக்கு ஏறி இறங்கியவர்கள்தான் நீங்கள். இன்று சரக்கு வாங்க வரவில்லை. பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதிலும் ஒரே ஒரு விஷயம்தான் நான் பேசப்போகிறேன். நம் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக் கொடுப்பது எப்படி?

"எழுதத் தெரியாத பிள்ளை இன்று யார் இருக்கிறார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நான் கண்ட ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவர். பத்தாம் வகுப்பில் தமிழில் நல்ல மதிப்பெண் வாங்கியவர். அவருக்கு வர வேண்டிய கல்வி உதவித்தொகை வரவில்லை. தந்தையார் என்னிடம் அழைத்து வந்தார். "தம்பி, அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்" என்றேன். அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தாளையே பார்த்துக் கொண்டிருந்தார். கடைசியில், "சார், இதுக்கு மாதிரிக் கடிதம் இருக்கா?" என்று கேட்டார்.

சகோதரர்களே! பத்தாண்டுகள் பள்ளிக்கூடத்தில் எழுதிய கை அது. எத்தனையோ நோட்டுகளை நிரப்பிய கை. ஆனால் தன் சொந்த விஷயத்தைத் தன் சொந்த வார்த்தையில் சொல்ல ஒரு நாளும் அந்தக் கைக்கு வேலை கொடுக்கப்படவில்லை. பார்த்து எழுதியிருக்கிறது, மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறது, எழுதி மட்டும் இருக்கவில்லை!

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல முடியுமா? பத்தாம் வகுப்புத் தமிழில் கடிதப் பகுதி இருக்கிறது. உணவு விடுதியில் தரமற்ற உணவு தந்தார்கள், விலையும் கூடுதல் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு எழுத வேண்டும் என்பது அதில் ஒரு கேள்வி. கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? நோட்ஸில் இருப்பதை அப்படியே உருப்போடுகிறார்கள். விடுதிப் படியேறிச் சாப்பிட்டே இராத பிள்ளையும் அதே சாம்பாரைக் குறை சொல்லி, அதே தேதியில், அதே வரிகளில் எழுதுகிறது. ஐம்பது விடைத்தாளிலும் ஒரே கடிதம். மதிப்பெண் வந்துவிடுகிறது. எழுத்து வரவில்லை!

எழுதுகோலின் மார்க்கம்

எழுதுகோலை நமக்கு அறிமுகப்படுத்தியது பள்ளிக்கூடம் மட்டுமல்ல. ஹிரா குகையில் இறங்கிய முதல் வசனங்களே ஓதுவதைப் பற்றியும், எழுதுகோலைக் கொண்டு மனிதனுக்கு இறைவன் கற்றுக் கொடுத்ததைப் பற்றியும் பேசுகின்றன. எழுதுகோலின் பெயரிலேயே ஓர் அத்தியாயம் அருள்மறையில் இருக்கிறது.

பத்ருப் போரை எண்ணிப் பாருங்கள். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு. கைதிகளில் பிணைத்தொகை கட்ட வசதியற்ற, எழுதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒவ்வொருவரும் மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக் கொடுத்தால் விடுதலை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். அன்றைய மதீனாவுக்குப் பணம் தேவைப்படாமலா இருந்தது? இருந்தும் பணத்துக்கு ஈடாக எழுத்தை ஏற்றுக் கொண்டார்கள்.

வியாபாரப் பெருமக்களே, உங்களுக்கென்று ஒரு செய்தி. திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எதைப் பற்றியது தெரியுமா? கடனை எழுதி வைப்பதைப் பற்றியது! இரண்டாவது அத்தியாயம், 282ஆவது வசனம். தவணை குறித்துக் கடன் கொடுக்கல் வாங்கல் செய்தால் எழுதி வையுங்கள், எழுதுபவர் நீதியோடு எழுதட்டும், சாட்சிகளை வையுங்கள், தொகை சிறிதானாலும் பெரிதானாலும் எழுதச் சலித்துக் கொள்ளாதீர்கள் என்பது அதன் கருத்து. இன்னொன்றும் அதில் இருக்கிறது. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யார்? கடன் வாங்கியவர்! பொறுப்பு யார் தலையில் விழுகிறதோ அவர் வாயிலிருந்து வார்த்தை வர வேண்டும் என்கிறது மார்க்கம்.

இங்கே மிளகுக்கு முன்பணம் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. கணக்கு யார் நோட்டில் இருக்கிறது? வியாபாரியின் நோட்டில். தோட்டக்காரர் வீட்டில் ஒரு வரியாவது இருக்கிறதா? நாணயமான வியாபாரிக்கு இதனால் அவப்பெயர் வருகிறது. நாணயமற்றவனுக்கு இது வசதியாகப் போய்விடுகிறது. கணக்கு இரண்டு நோட்டிலும் இருக்க வேண்டும். அந்த இரண்டாவது நோட்டை எழுத வேண்டியது அந்த வீட்டில் படிக்கும் பிள்ளை. ஆகவே இந்த மலைப் பிள்ளைகள் எழுதக் கற்றுக் கொள்வது அவர்களுக்கு மட்டும் நன்மையல்ல, நம் வியாபாரத்தின் ஹலாலுக்கும் அதுவே காவல்.

எழுத ஓர் ஆள் வேண்டும்

சரி, எப்படிக் கற்றுக் கொடுப்பது? நம் பாட்டிமார்களிடமிருந்தே தொடங்குகிறேன்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத நம் பெண்கள் அரபுத் தமிழில் கடிதம் எழுதினார்கள். அரபு எழுத்தில் தமிழை எழுதும் முறை அது. ஓதக் கற்றுக் கொண்ட எழுத்தை வைத்துக் கொண்டு, கொழும்பிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த கணவன்மார்களுக்கு வீட்டுச் செய்தியை எழுதினார்கள். யார் அவர்களுக்குக் கட்டுரை வகுப்பு நடத்தினார்கள்? யாருமில்லை. எழுதுவதற்கு ஓர் ஆள் இருந்தார். சொல்லியே தீர வேண்டிய விஷயம் இருந்தது. எழுதினால் பதில் வந்தது. இந்த மூன்றும் இருந்ததால் எழுத்து வந்தது.

நம் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைக்கு இந்த மூன்றில் எது இருக்கிறது? படிப்பவர் ஒருவரே, அவரும் சிவப்பு மையோடு பிழை தேடுபவர். விஷயம் அவனுடையதல்ல. பதில் ஒரு மதிப்பெண். பிறகு எழுத்து எப்படி வரும்?

ஒரு மலைக்கிராமத்துப் பள்ளிக்கூடம்

இந்த மலையைப் போலவே ஒரு மலை. இத்தாலியில், புளோரன்ஸ் நகருக்கு வடக்கே பார்பியானா என்ற சின்னஞ்சிறு ஊர். 1954இல் லொரென்சோ மிலானி என்ற பாதிரியாரை அங்கே அனுப்பினார்கள். ஏழை விவசாயிகளின் பிள்ளைகள், அரசுப் பள்ளியில் பெயிலாகி வெளியேற்றப்பட்டவர்கள், அவரிடம் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்காக ஒரு பள்ளி நடத்தினார். 1967இல் அந்தப் பிள்ளைகளில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு நூலே எழுதினார்கள். தங்களைப் பெயிலாக்கிய ஆசிரியைக்கு எழுதிய கடிதம் அது. ஏழைப் பிள்ளைகள் எத்தனை பேர் பள்ளியிலிருந்து உதிர்கிறார்கள் என்று புள்ளிவிவரத்தோடு கேட்டார்கள். இத்தாலி நாடே அதைப் பேசியது. பல மொழிகளுக்குப் போயிற்று. தமிழிலும் வந்திருக்கிறது.

பெயிலான பிள்ளைகள் எப்படி எழுதினார்கள்? அந்த முறையையும் அதே நூலில் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் துண்டுத்தாள் வைத்துக் கொண்டு மனதில் தோன்றுவதைக் குறித்து வைப்பார்கள். ஒரு துண்டில் ஒரு கருத்து மட்டும். பிறகு எல்லாத் துண்டுகளையும் மேசையில் பரப்புவார்கள். ஒரே கருத்து இரண்டு முறை வந்திருந்தால் ஒன்றை எடுத்துவிடுவார்கள். இனம் இனமாகக் குவிப்பார்கள். எது முதலில், எது பின்னால் என்று வரிசைப்படுத்துவார்கள். பிறகு எழுதுவார்கள். வேண்டாத சொற்களை வெட்டுவார்கள். கடைசியில் வெளியாட்களைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டுவார்கள், அதிகம் படிக்காதவர்களாகப் பார்த்து! அவர்களுக்குப் புரியவில்லை என்றால் மீண்டும் எழுதுவார்கள்.

இதற்கு என்ன செலவு? கொஞ்சம் காகிதம், ஒரு மேசை, பொறுமை. அவ்வளவுதான்.

ஆராய்ச்சியும் இதே பக்கம்தான் நிற்கிறது. 2007இல் அமெரிக்காவில் ஸ்டீவ் கிரஹாம், டொலோரஸ் பெரின் என்ற இரு அறிஞர்கள், நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எழுத்துக் கற்பிப்பதைப் பற்றி நடந்த பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். திட்டமிட்டு, எழுதி, திருத்தும் வழிமுறையை வெளிப்படையாகச் சொல்லிக் கொடுப்பது நல்ல பலன் தந்தது. படித்ததைச் சுருக்கி எழுதச் செய்வது, பிள்ளைகள் சேர்ந்து எழுதுவது, என்ன எழுத வேண்டும் என்ற இலக்கைத் தெளிவாகச் சொல்வது, சிறு வாக்கியங்களை இணைக்கப் பழக்குவது ஆகியவையும் பலன் தந்தன. இலக்கணத்தை மட்டும் தனியாக நடத்துவது எழுத்துக்கு உதவவில்லை. நான் தமிழாசிரியன். இலக்கணம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பிள்ளை எழுதிய வாக்கியத்தில் வைத்து இலக்கணத்தைச் சொல்லிக் கொடுங்கள் என்கிறேன்.

ஓர் எடுத்துக்காட்டு

இந்தச் சோளக்காட்டிலேயே வைத்துச் சொல்கிறேன். எட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். மாலையில் பள்ளி விட்டபின் பேருந்துக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. மனு எழுத வேண்டும். நோட்ஸ் படித்த பிள்ளை எப்படித் தொடங்கும்? "இயற்கை எழில் கொஞ்சும் எங்கள் ஊரில் பேருந்து வசதி போதுமானதாக இல்லை என்பதை மிகுந்த பணிவுடன் தெரிவித்துக் கொள்கிறேன்." படிக்கும் அதிகாரிக்கு இதில் என்ன தெரிந்தது? ஒன்றுமில்லை.

முதலில் பேச விடுங்கள். "என்னம்மா கஷ்டம்?" என்று கேளுங்கள். "4.30 மணிக்குப் பள்ளிக்கூடம் விடும் சார். அடுத்த பஸ் 6.30க்குத்தான்." எழுது ஒரு துண்டில். "நாங்க 14 பேரு அந்த வழி போறோம், 9 பேரு பொண்ணுங்க." இன்னொரு துண்டு. "மழைக்காலத்துல இருட்டிடும், இறங்கி 2 கிலோமீட்டர் நடக்கணும்." மூன்றாவது. "அஞ்சு மணிக்கு ஒரு பஸ் விட்டாப் போதும்." நான்காவது. துண்டுகளை வரிசையாக வையுங்கள். மனு தயார்! எண்ணிக்கை இருக்கிறது, நேரம் இருக்கிறது, கோரிக்கை இருக்கிறது. அலங்காரம் தேவையில்லை.

அடுத்து, பேச்சை எழுத்துத் தமிழாக மாற்றும் வேலை. இங்கே ஆசிரியர்களை ஒன்று கேட்டுக் கொள்கிறேன். மலைவாழ் பிள்ளைக்கு அதன் வீட்டுப் பேச்சு இருக்கிறது. நம் வீடுகளில் உர்தூ பேசும் பிள்ளை இருக்கிறது, அத்தா என்றும் வாப்பா என்றும் கூப்பிடும் பிள்ளை இருக்கிறது. அந்தப் பேச்சைக் கேட்டுச் சிரித்துவிட்டால் அன்றோடு அந்தக் கை நின்றுவிடும். முதல் தடவை வீட்டுப் பேச்சிலேயே எழுதட்டும். இரண்டாம் தடவை எழுத்துத் தமிழுக்கு மாற்றட்டும். தமிழ் எல்லோருக்கும் சொந்தம். 1949இல் அரசியல் நிர்ணய சபையில் ஆட்சிமொழிப் பிரச்சினை வந்தபோது, தமிழின் தொன்மையை எடுத்துச் சொன்னவர் நம் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் அவர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

வாக்கியம் இணைப்பதற்கும் ஒரு பயிற்சி. "மிளகு காயவைத்தோம். மழை வந்தது. மூட்டை கட்டவில்லை. மிளகு பூஞ்சை பிடித்தது." நான்கு துண்டு வாக்கியம். இதை ஒன்றாக்கு என்று சொல்லுங்கள். "காயவைத்த மிளகை மூட்டை கட்டுவதற்குள் மழை வந்துவிட்டதால் பூஞ்சை பிடித்தது" என்று ஒரு பிள்ளை எழுதும். இன்னொன்று வேறு விதமாக எழுதும். இரண்டையும் வாய்விட்டுப் படித்துப் பார்க்கட்டும். எது தெளிவு என்று அவர்களே சொல்லட்டும். பெயரெச்சமும் வினையெச்சமும் அங்கேதான் உயிரோடு புரியும்.

திருத்துவதில் ஒரு நிதானம் வேண்டும். தாள் முழுக்கச் சிவப்பு மை பூசாதீர்கள். முதலில் விஷயம் புரிகிறதா என்று பாருங்கள். பிறகு வரிசை. கடைசியில் எழுத்துப்பிழை. ஒரு வாரம் ல, ள, ழ மட்டும். அடுத்த வாரம் ந, ன, ண மட்டும். "ஒரு வகுப்பில் ஐம்பது பிள்ளைகள், எப்படித் திருத்துவது?" என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம்தான். பிள்ளைகளை இருவர் இருவராக உட்கார வையுங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்து, "எனக்கு இந்த இடம் புரியவில்லை" என்று சொல்லட்டும். பாதித் திருத்தம் அங்கேயே முடிந்துவிடும்.

எழுத்தும் உரிமையும்

இளைஞர்களே! உரிமை, உரிமை என்று நாம் மேடைதோறும் முழங்குகிறோம். உரிமை காகிதத்தில் கேட்கப்படுகிறது, காகிதத்தில்தான் மறுக்கப்படுகிறது.

2005இல் தகவல் பெறும் உரிமைச் சட்டம் வந்தது. தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 10 ரூபாய்க் கட்டணம். 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் கேட்கத் தெரிய வேண்டுமே! "எங்களுக்கு ஏன் உதவித்தொகை தரவில்லை?" என்று எழுதினால் மழுப்பலான பதில் வரும். "இந்தக் கல்வியாண்டில் இந்தப் பள்ளியிலிருந்து விண்ணப்பித்தவர் எத்தனை பேர்? எத்தனை பேருக்கு எந்தத் தேதியில் வழங்கப்பட்டது? நிராகரிக்கப்பட்டவை எத்தனை, பதிவான காரணம் என்ன?" என்று எழுதினால் பதிவேட்டைப் புரட்டித்தான் ஆக வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சட்ட அறிவு மட்டுமா? எழுத்துப் பயிற்சியும்தான்.

மலைவாழ் சகோதரர்களுக்கு 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2005 டிசம்பர் 13ஆம் தேதிக்கு முன்பிருந்தே வன நிலத்தில் குடியிருந்தும் பயிர் செய்தும் வரும் பழங்குடியினருக்கு அந்த நிலத்தில் உரிமை உண்டு என்கிறது. ஆனால் உரிமை கோரிக் கிராம சபைக்கு எழுத வேண்டும், சான்றுகளோடு எழுத வேண்டும். பாட்டன் எந்த ஆண்டு எந்த மேட்டில் சாமை விதைத்தார் என்று ஊர்ப் பெரியவர் வாயால் சொல்வார். அதைக் கேட்டு, வரிசைப்படுத்தி, தாளில் வைக்க ஒரு பிள்ளை வேண்டாமா?

நமக்காக வேறொருவர் எழுதும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஓர் அம்மையார் அலுவலக வாசலில் பணம் கொடுத்து மனு எழுதி வாங்கினார். அவர் கேட்க நினைத்தது குடும்ப அட்டையில் பெயர் சேர்க்க. மனுவில் இருந்ததோ புது அட்டை வேண்டும் என்று. கையெழுத்துப் போட்டது அவர். அலைந்ததும் அவரே!

இப்போது சிலர், "கைபேசியிடம் கேட்டால் அதுவே மனு எழுதித் தருகிறதே, பிள்ளை எதற்குக் கற்க வேண்டும்?" என்கிறார்கள். கருவியை நான் வெறுக்கவில்லை. ஆனால் மாலையில் இருட்டிய பின் எத்தனை பிள்ளைகள் நடக்கிறார்கள் என்று அதற்குத் தெரியுமா? உங்கள் விஷயத்தை நீங்கள் யோசித்துச் சொன்னால்தான் அது எழுதும். எழுதியது சரியா என்று பார்க்கவும் உங்களுக்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அதுவும் அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு ஆள்தான்.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே சகோதரர்களே, கைதட்டிக் கலைந்து போகாமல் ஒரு வேலையை எடுத்துக் கொள்வோம். நமது கிளைகள் இருக்கும் ஊர்களில் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் எழுத்து வகுப்பு. எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை. மதரஸா கட்டடம் இருக்கிறது, விரிக்கப் பாய் இருக்கிறது. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் வரட்டும். முஸ்லிம் பிள்ளை, மலைவாழ் பிள்ளை, மற்றச் சமுதாயப் பிள்ளை என்று வாசலில் யாரும் கேட்கக் கூடாது. மதீனாவில் எதிரியிடமிருந்தே எழுத்தைக் கற்றார்கள். நாம் அண்டை வீட்டாருக்குச் சொல்லிக் கொடுக்கத் தயங்கலாமா?

அந்த வகுப்புக்குள் நோட்ஸ் வரக் கூடாது. ஒவ்வொரு மாதமும் பிள்ளைகள் சேர்ந்து உண்மையான ஒரு கடிதம் எழுத வேண்டும், உண்மையான ஓர் ஆளுக்கு அனுப்ப வேண்டும், பதில் வந்தால் எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டும். பதில் வராவிட்டால் நினைவூட்டுக் கடிதம் எழுதுவதும் ஒரு பாடம்தானே! வியாபாரிகள் மாதம் ஒரு முறை வந்து கணக்கு எழுதும் முறையைச் சொல்லிக் கொடுங்கள். எடை, விலை, முன்பணம், பாக்கி, தேதி, கையொப்பம். அடுத்த மிளகுப் பருவத்தில் முன்பணம் கொடுக்கும்போது, "உங்கள் பிள்ளையைக் கூப்பிடுங்கள், அவரும் எழுதிக் கொள்ளட்டும்" என்று நீங்களே சொல்லுங்கள். அதைவிடப் பெரிய விளம்பரம் உங்கள் கடைக்குக் கிடையாது.

நான் முதலில் சொன்ன மாணவரை மறந்துவிடவில்லை. மாதிரிக் கடிதம் நான் கொடுக்கவில்லை. "என்னிடம் சொல்லுங்கள்" என்றேன். சொன்னார். "இப்போது சொன்னதையே எழுதுங்கள்" என்றேன். மூன்று முறை எழுதினார். மூன்றாவது தாளில் எட்டே வரிகள். எந்தத் தேதியில் விண்ணப்பித்தார், என்ன பதில் சொன்னார்கள், இப்போது என்ன வேண்டும். கீழே தன் பெயரை எழுதிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நிமிர்வைத்தான் நம் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் நான் காண ஆசைப்படுகிறேன்.

எழுதுகோலைக் கொண்டு கற்றுக் கொடுத்த இறைவன் நம் பிள்ளைகளின் கைகளுக்கு வலிமையையும், அவர்கள் எழுதும் எழுத்துக்கு உண்மையையும், நம் கொடுக்கல் வாங்கலுக்கு நேர்மையையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும்.